வலசைப் பறவைகள் வீடு திரும்பும் மாதங்களில் கண் ஏமாறும் இடங்கள்

மாசி பிறந்தால் சென்னைக்கு மேலே வடக்கு நோக்கிப் பயணம் தொடங்கிவிடும். தெற்கிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்த பறவைகள் ஏப்ரல் வரை கடந்து போகும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போக முடியாதவர்களும் மொட்டைமாடியிலிருந்தே பார்க்கலாம். அவசரம்தான் கெடுக்கும்.

வட்டமிடும் பெரிய பறவையைப் பார்த்ததும் கழுகு என்று எழுதிவிடுகிறோம். நகரத்தில் அது பெரும்பாலும் கரும்பருந்துதான். வாலின் நடுவே உள்வாங்கி, லேசாகப் பிளந்திருக்கும். வாலை விரித்தால் அந்தப் பிளவு மறைந்துவிடும். அதனால் நாலைந்து வட்டமாவது பொறுத்திருந்து பாருங்கள். வலசை வரும் பூட்டட் ஈகிள் என்ற கழுகுக்கு வால் நுனி நேராக இருக்கும். அது நம்மை நோக்கி வரும்போது, கழுத்தும் இறக்கையும் சேரும் இடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் வண்டி விளக்கு போலத் தெரியும். நிறத்தை நம்ப வேண்டாம். அந்த இனத்திலேயே வெளிறியதும் உண்டு, கரும்பழுப்பும் உண்டு. போதாததற்கு வெயிலுக்கு எதிரே எல்லாமே கறுப்புதான்.

விடியற்காலையில் மாடியேறிவிட்டு, கழுகு எதுவும் இல்லை என்று இறங்குவதும் தவறு. தரை சூடாகிக் காற்று மேலெழுந்தால்தான் அவை சிரமமின்றி உயரும். காலை 9 மணிக்கு மேல் பாருங்கள்.

தகைவிலானையும் (ஸ்வாலோ) பனை உழவாரனையும் (பாம் ஸ்விஃப்ட்) குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை. உழவாரனின் கால் கம்பியில் உட்காரத் தோதானது அல்ல.

பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலி சொல்லும் பெயரைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் அபூர்வப் பறவையைப் பதிவதற்கு முன் என்ன பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். மங்கலான படமானாலும் சேருங்கள். உறுதியில்லையென்றால் 'ஏதோ ஒரு கழுகு' என்று பதிவதே நேர்மை.

எனக்கு மனம் பதறுவது ஆறுமணிக்குருவி (இண்டியன் பிட்டா) விஷயத்தில்தான். இரவில் பறந்து வரும் அது, களைத்தோ கண்ணாடியில் மோதியோ வீட்டுத் தோட்டத்தில் விழுந்துகிடக்கும். பச்சையும் நீலமுமாக இருக்கும் அதைச் சுற்றிக் கூட்டம் கூடி, கையில் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள்; மூச்சுக்குழாய்க்குள் போனால் செத்துவிடும். செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். விழுந்துகிடக்கும் குருவியைக் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் விட்டு, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காயம் இல்லாமல் தெளிந்துவிட்டால், பூனை, நாய் இல்லாத புதரோரத்தில் அந்தி சாயும்போது பெட்டியைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.