கிளிமஞ்சாரோ உச்சி இரவில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள்

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலை உச்சிக்குக் கிளம்பும் இரவில், அகன்ற வாய் உள்ள பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, மூடி கீழே வரும்படி பைக்குள் தலைகீழாக வையுங்கள்.

உச்சிக்கு முன் பலரும் தங்கும் கடைசி முகாமான பராஃபு 4,673 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் நள்ளிரவு வாக்கில் அங்கிருந்து கிளம்பி, மலையின் மிக உயர்ந்த முனையான 5,895 மீட்டர் உயர உஹுரு உச்சியை விடியலையொட்டித் தொடுவார்கள். மைனஸ் 15 டிகிரி குளிரெல்லாம் அங்கே சகஜம். தண்ணீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையத் தொடங்கும், பனிக்கட்டியும் மேலே மிதக்கும். பாட்டில் கவிழ்ந்திருந்தால் கட்டி மூடியை விட்டு விலகி, மேலே இருக்கும் பாட்டிலின் அடிப்பக்கம் போய்விடும். நிமிர்த்தித் திறந்ததும் குடிக்கலாம். நிமிர்ந்த பாட்டிலில் மூடியே உறைந்து இறுகிவிடும். அதைத் திறக்கக் கையுறையைக் கழற்றினால் சில நிமிடங்களிலேயே விரல் மரத்துப்போகலாம். அந்த உயரத்தில் தண்ணீர் குடிக்காமல் ஏறுவது நல்லதல்ல.

குழாய் வைத்த தண்ணீர்ப் பைக்கு இந்த வித்தை பலிக்காது. மெல்லிய குழாயில் இருக்கும் கொஞ்சத் தண்ணீர்தான் முதலில் உறையும். அதைக் கீழ்க்காட்டுப் பகுதியோடு நிறுத்திக்கொள்வதே மேல். மூடி லேசாகக் கசிந்தாலும் கவிழ்க்காதீர்கள், மாற்று உடை நனைந்தால் தாகத்தைவிடப் பெரிய ஆபத்து. முந்தின நாளே நிரப்பிக் கவிழ்த்துச் சோதித்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் கிளிமஞ்சாரோ தேசியப் பூங்காவில் அனுமதி இல்லை என்பதால், நல்ல பாட்டிலை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.