‘இர்ரெவக்கப்ளி’: எல்லா இடத்திலும் பொருந்தாத ஒரு சொல்

பவர் பத்திரம், பேங்க் ஆவணம், ஆங்கிலத் தலையங்கம் என்று அடிக்கடி கண்ணில் படும் ஆங்கிலச் சொல் ‘இர்ரெவக்கப்ளி’ (irrevocably). ‘இனி மாற்ற முடியாதபடி’ என்று அர்த்தம் தெரிந்ததும், மாறாத எல்லாவற்றுக்கும் இதையே போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘வொகாரே’ என்றால் கூப்பிடுவது, ‘ரெவொகாரே’ என்றால் திரும்பக் கூப்பிடுவது. முன்னால் சேர்ந்த ‘இன்’ என்ற மறுப்பு, ரகரத்தோடு ஒட்டி ‘இர்’ ஆனது. அதாவது, ஒருவர் எடுத்த முடிவை அவரே திரும்பப் பெற முடியாத நிலை. யூரோ வந்த கதை இதற்குச் சரியான உதாரணம். 1998 டிசம்பர் 31 அன்று மாற்று விகிதங்களை ‘இர்ரெவக்கப்ளி’ நிர்ணயித்தார்கள். ஒரு யூரோவுக்கு 1.95583 ஜெர்மன் மார்க். விகிதத்தை மாற்றும் அதிகாரம் வைத்திருந்த நாடுகளே அதை விட்டுக்கொடுத்தன.

வேகவைத்த முட்டை பழையபடி ஆகாது. அதில் யாருடைய முடிவும் இல்லை, அதற்கு ‘இர்ரிவர்ஸிப்ளி’ போதும். மண வாழ்க்கை மீட்கவே முடியாதபடி முறிந்தது என்று சொல்ல ‘இர்ரிட்ரீவப்ளி’. அந்தக் காரணத்துக்காகவே உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தில் விவாகரத்து வழங்கலாம் என்று அதன் அரசியல் சாசன அமர்வு 2023இல் சொன்னது. தினமும் லேட்டாக வருபவருக்கு ‘இன்வேரியப்ளி’, அதாவது ‘தவறாமல் எப்போதும்’. அவர் நாளைக்கே திருந்தலாம்! ‘அந்தச் சம்பவம் ஊரையே இர்ரெவக்கப்ளி மாற்றியது’ என்று நல்ல எழுத்தாளர்களும் எழுதுகிறார்கள். அதைத் தவறு என்று சண்டை போட மாட்டேன்.

உச்சரிப்பையும் பார்த்துவிடலாம். ‘ரிவோக்’ என்ற வினை மனதில் இருப்பதால் பலர் ‘இர்ரிவோக்கபிளி’ என்கிறார்கள். அழுத்தம் ‘ரெ’வில் விழ வேண்டும். எழுதும்போது, ‘ரிவோக்’ (revoke) என்ற வினையில் ‘கே’ வரும், இந்தச் சொல்லில் அந்த இடத்தில் ‘சி’; தொடக்கத்தில் ‘ஆர்’ இரண்டு. ‘வெரி’ சேர்க்க வேண்டாம், திரும்பப் பெற முடியாததில் கூடுதல் குறைவு ஏது?

ஆனால் பணம் போகிற தவறு வேறு. பவர் பத்திரத்தில் இந்தச் சொல்லை எழுதிவிட்டால் யாராலும் ரத்து செய்ய முடியாது என்று நம்புகிறவர்கள் நிறைய. சொல்லுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவுப்படி, பவர் வாங்கியவருக்கு அந்தச் சொத்தில் தனக்கென ஓர் உரிமை இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த உரிமையைப் பாதிக்கும்படி பவரை முடித்துவிட முடியாது. உரிமை எதுவும் இல்லாமல் வெறும் வார்த்தை மட்டும் இருந்தால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

உயிலில் இது இன்னும் வீண். எழுதியவர் சொத்தை உயில் எழுதும் தகுதியோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம் என்கிறது 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு.

தானப் பத்திரத்தில்தான் சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை. வாங்குபவர் ஏற்றுக்கொண்ட பிறகு, கொடுத்தவர் மனம் மாறியதாலேயே அதைத் திரும்பப் பெற முடியாது. அப்படியும், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் எழுதிக்கொடுத்து, வாங்கிய பிள்ளை கைவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் ரத்து கேட்கலாம்.