விக்டரி ரிவால்வர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கும் காமன்வெல்த் படைகளுக்கும் லட்சக்கணக்கில் போனது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி. பழைய ரிவால்வர் சேர்ப்பவர்கள் பலருக்கு இதுதான் முதல் கொள்முதல். சொல்லிவைத்தாற்போல ஒரே இடங்களில் வழுக்குகிறார்கள். துப்பாக்கி காலியா என்று பார்ப்பதைக்கூட சொல்லித்தர வேண்டியவர் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பேரல் எழுத்தை நம்பி அறையைப் பார்க்காமல் விடுவது

மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். பேரலில் பொறித்த தோட்டாப் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பவர், சிலிண்டரைத் திறந்து தோட்டா உட்காரும் அறைகளைப் பார்ப்பதில்லை.

பிரிட்டனுக்குப் போனவை பெரும்பாலும் 5 அங்குலப் பேரல், .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா. போருக்குப் பின் உபரியாக வந்தவற்றின் அறைகளை, அமெரிக்காவில் எளிதாகக் கிடைத்த .38 ஸ்பெஷல் தோட்டாவுக்காக வியாபாரிகள் குடைந்து நீட்டினார்கள். பல பேரல்களையும் வெட்டினார்கள். பக்கவாட்டு எழுத்து மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஸ்பெஷல் கேஸின் (தோட்டாவின் உலோகக் கூடு) விட்டம் 0.379 அங்குலம்; பழைய தோட்டாவுக்கு 0.386. எவ்வளவு நீட்டினாலும் அறையின் பின்பகுதி பழைய அகலத்திலேயே இருக்கும். சுட்டால் கேஸ் அங்கே உப்பும், சிலது நெடுக்காகக் கிழியும். குண்டும் பேரலுக்குச் சற்றே சிறியது. குடைந்த உலோகத்தைத் திரும்ப வைக்க வழியில்லை. வேறு சிலிண்டர் போட்டால் எண் பொருந்தாது, விலையும் போய்விடும்.

சுட்டுத் தீர்ந்த ஒரு ஸ்பெஷல் கேஸை ஆறு அறையிலும் போட்டுப் பாருங்கள். தொடாத அறையில் முக்கால் அங்குலம் இறங்கிப் படியில் முட்டி நிற்கும்; முழுக்க இறங்கினால் குடைந்தது. '.767' என்று பிரிட்டிஷ் சோதனைக்கூட முத்திரை இருந்தால், அது அங்குலக் கணக்கில் கேஸின் நீளம். அறை அதைவிட நீளம் என்றால், முத்திரை விழுந்த பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பேரல் நுனியில் குறிபார்க்க நிற்கும் முன்குறியையும் பாருங்கள். போர்க்காலத்தில் அது பேரலோடு ஒரே உலோகம். அடியில் இணைப்புக் கோடு தெரிந்தால் பேரல் வெட்டப்பட்டது.

கிரேன் எண்ணை வரிசை எண்ணாகக் கொள்வது

கிரேன் என்பது சிலிண்டரை வெளியே திறக்கும் கை; அதிலுள்ளது தொழிற்சாலையில் பாகங்களைக் கோக்கும்போது போட்ட எண். வரிசை எண் பிடியின் அடியில்.

அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும், பேரலின் அடித்தட்டையிலும், வலது பிடித்தகட்டின் உட்புறத்திலும் இருக்க வேண்டும். முன்னால் 'வி' எழுத்து 1942-இல் வந்தது. 'எஸ்வி' என்றால் போரின் கடைசிக் கட்டத்தில் சேர்த்த புதிய ஹேமர் தடுப்பு (கீழே விழுந்தால் சுத்தியல் தோட்டாவில் அடிக்காமல் தடுக்கும் பாகம்) உள்ளே இருக்கிறது.

பளபளப்பில் மயங்குவது

'வி' எண்ணுள்ள ரிவால்வரின் மேற்பூச்சு மங்கல் கறுப்பு. கண்ணாடிபோல் மின்னினால் பிற்பாடு தேய்த்தது. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், திருகுத் துளையின் விளிம்பு குழிந்திருக்கும், பக்கத்தட்டின் கோடு விரிந்து தெரியும். ஹேமரும் ட்ரிகரும் வெப்பப் பதத்தின் பல வண்ணத்தில்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தன. அவையும் நீலமாக இருந்தால் பேரமே வேண்டாம்.

நிக்கல் பூச்சு

போருக்குப் பின் பூசியது.

விற்பவர் முன்னால் பூட்டைச் சோதிக்கத் தயங்குவது

அனுமதி கேட்டுவிட்டு, காலி ரிவால்வரில் சிலிண்டர்மீது விரலை லேசாக அழுத்தியபடி ஹேமரை மெதுவாக இழுங்கள். ஹேமர் பின்னால் பிடித்து நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் செய்யுங்கள். ஒன்று பிந்தினாலும் பழுது. பிறகு ட்ரிகரைத் தொடாமல், பிடித்து நிற்கும் ஹேமரைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளுங்கள். விழுந்தால் கீழே வைத்துவிடுங்கள்.