மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களில் எதற்கு முதலிடம்? பட்டியல் போடும் முறை

ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியாக்களை வரிசைப்படுத்தச் சொன்னால் பலரும் லேப் அறிக்கையைத் திறந்து, எதிர்ப்புச் சதவீதம் (சோதித்த மாதிரிகளில் மருந்துக்கு அடங்காதவை எத்தனை என்பது) எதற்கு அதிகமோ அதை மேலே வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 80 சதவீத எதிர்ப்பு இருந்தும் வேறு மருந்தில் எளிதாகக் குணமாகும் கிருமி உண்டு, 20 சதவீதமே இருந்தாலும் ஐசியுவில் உயிரைப் பறிக்கும் கிருமியும் உண்டு.

முதலில் பட்டியல் எதற்கு என்று முடிவு செய்யுங்கள். புது மருந்து ஆராய்ச்சிக்கா, ஒரு மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக்கா? இரண்டுக்கும் ஒரே வரிசை வராது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் போட்ட பட்டியலில் காசநோய் இல்லை, அது ஏற்கெனவே தனி முன்னுரிமை என்று விட்டிருந்தார்கள். 2024-ல் ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமியை உச்ச வகையிலேயே சேர்த்தார்கள். எதையாவது விட்டால் ஏன் விட்டீர்கள் என்று எழுதி வையுங்கள்.

அப்புறம், கிருமியை மட்டும் எழுதாமல் மருந்தோடு ஜோடியாக எழுதுங்கள். வெறும் 'கிளெப்சியெல்லா' என்றால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. 'கார்பபெனெமுக்கு (கடுமையான தொற்றுகளுக்குக் கொடுக்கும் வலுவான ஆன்டிபயாடிக் வகை) அடங்காத கிளெப்சியெல்லா நிமோனியே' என்றால்தான் பேச முடியும், 2024 பட்டியலில் முதலிடமே அதற்குத்தான்.

அளவுகோலுக்கு அந்தப் பட்டியலின் எட்டையே எடுத்துக்கொள்ளலாம்: இறப்பு, இறப்பில்லாத நோய்ச்சுமை, எத்தனை பேருக்கு வருகிறது, பத்தாண்டுகளில் எதிர்ப்பு ஏறியதா இறங்கியதா, எவ்வளவு பரவும், தடுக்க வழியுண்டா, சிகிச்சைக்கு என்ன மிச்சம், புது மருந்து வருகிறதா. இதில் இறப்பில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 2019-ல் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமான இறப்புகள் உலக அளவில் சுமார் 12.7 லட்சம், அத்தகைய தொற்றோடு தொடர்புள்ள இறப்புகள் 49.5 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். ஒரு கிருமிக்கு முதல் கணக்கையும் இன்னொன்றுக்கு இரண்டாவதையும் போட்டால் மொத்தமும் பாழ்.

எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை என்பதை மதிப்பெண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், பார்த்த பிறகு மனம் தனக்குப் பிடித்த கிருமியின் பக்கம் சாயும். மருத்துவர், நுண்ணுயிரியல் நிபுணர், செவிலியர், பொது சுகாதாரக்காரர் எல்லோரையும் உட்காரவைத்து, இரண்டிரண்டு அளவுகோலாகக் காட்டி எது முக்கியம் என்று கேட்பது நல்ல வழி.

சரி, தரவு. நான் அதிகக் கவலைப்படுவது இங்கேதான். ஒரே நோயாளியிடம் ஐந்து முறை கல்ச்சர் (மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்திருந்தால் முதலாவதை மட்டும் எண்ணுங்கள். ஒரு கிருமிக்கு 30 மாதிரிகூட இல்லையென்றால் அந்தச் சதவீதத்தை நம்பி எதுவும் செய்ய வேண்டாம், ஓராண்டு போதாவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, முதல் மருந்து கேட்காத பிறகுதான் கல்ச்சர் அனுப்பும் பழக்கம் உள்ள இடத்தில் எதிர்ப்பு உண்மையைவிட அதிகமாகத் தெரியும், அதைத் தெரிந்துகொண்டுதான் எண்ணைப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு ஜோடிக்கும் அளவுகோல்வாரியாக மதிப்பெண் போட்டு, எடையால் பெருக்கிக் கூட்டி முடித்ததும் எடைகளைக் கொஞ்சம் மாற்றி மறுபடி கூட்டிப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் மேலேயே நிற்பவை உச்ச வகை, ஏறி இறங்குபவை அடுத்த வகை. 1, 2, 3 என்று துல்லியமாக எண்ணிடாமல் மூன்று அடுக்குகளாகப் பிரித்தால் போதும், ஏழாவதா எட்டாவதா என்று சண்டை போட நேரம் வேண்டாம்.

ஒவ்வொரு ஜோடிக்குப் பக்கத்திலும் செய்ய வேண்டியதை எழுதுங்கள். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது, மருத்துவமனைகளில் பரவும் அசினெட்டோபாக்டருக்கு இல்லை, அங்கே கை கழுவுதலும் வார்டு சுத்தமும்தான் ஆயுதம். அடுத்து எப்போது திருத்துவது என்ற தேதியையும் போட்டுவிடுங்கள்: கார்பபெனெமுக்கு அடங்காத சூடோமோனாஸ் என்ற கிருமி உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் 2017-ல் உச்ச வகையில் இருந்தது, 2024-ல் ஒரு படி இறங்கிவிட்டது.