“லாரியே கூப்பிட்டதில்லை” என்றால் யோசியுங்கள்: கிராமத்து வீடும் செப்டிக் டேங்க்கும்

கிராமத்தில் வீடு வாங்கும்போது பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் வழக்கறிஞரிடம் கொடுத்து வரி வரியாகப் பார்க்கச் சொல்பவர்கள்கூட, கழிப்பறைக்குப் பின்னால் மண்ணுக்குள் இருப்பதைப் பற்றி விற்பவரிடம் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். “பதினைந்து வருஷமாகக் கழிவுநீர் லாரியே கூப்பிட்டதில்லை” என்ற பதிலை நற்சான்றாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. முறையாகக் கட்டிய தொட்டியில் கசடு அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் மட்டும், அதை மண்ணுக்குள் இறங்கவிடும் உறிஞ்சுகுழிக்குப் போகும் என்பதால், அந்தக் கசடை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்ததே இல்லையென்றால், கசடு உறிஞ்சுகுழிக்குள் புகுந்து அதை அடைத்துக்கொண்டிருக்கலாம். அல்லது அது தொட்டியே அல்ல, அடியில் தளம் போடாமல் சிமெண்ட் உறைகளை இறக்கி மூடிய வெறும் குழியாக இருக்கலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுபவற்றில் இத்தகைய குழிகள் ஏராளம்.

ஆகவே மூடியைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கழிவுநீர் லாரியை வரவழைத்துத் தொட்டியைக் காலி செய்யச் சொன்னால், நடுத்தடுப்பும் அடித்தளமும் இருக்கின்றனவா என்பது மேலிருந்தே தெரிந்துவிடும். காலியானதும் உறிஞ்சுகுழியிலிருந்து நீர் திரும்பி வந்தால், அந்தக் குழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். விஷவாயு இருக்கும் என்பதால் எட்டிக் குனிவதோ அருகில் தீக்குச்சி கிழிப்பதோ ஆபத்து. போதிய பாதுகாப்பின்றி உள்ளே ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

சித்திரை வெயிலில் மட்டும் வீட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதும் தவறு. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறும்போதுதான், குறிப்பாகக் காவிரி டெல்டாப் பகுதியில், கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கும். அதை விற்பவரைவிடப் பக்கத்து வீட்டார் நேர்மையாகச் சொல்வார்கள்.

குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது செப்டிக் டேங்க்குகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2470. பலர் தங்கள் மனைக்குள் மட்டும் நாடா பிடித்து அளந்துவிட்டு, வேலிக்கு அப்பால் இருக்கும் அண்டை வீட்டுக் குழியை மறந்துவிடுகிறார்கள். பாறை வெடிப்பு உள்ள நிலத்தில் அந்த 18 மீட்டரும் போதாமல் போகலாம். தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்பாமல், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஈகோலை கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உரமோ எருக்குழியோகூடக் காரணமாக இருக்கலாம், ஆனால் ஈகோலை இருந்தால் மலக்கழிவு கலந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

பாகம் பிரித்த குடும்பச் சொத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு அண்ணன் பங்கிலும் தொட்டி தம்பி பங்கிலும் இருப்பது அரிதல்ல. சில இடங்களில் அது புறம்போக்கிலேயே இருக்கும். சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லும்போதே தொட்டி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, தொட்டியும் குழாயும் லாரி வந்துபோகும் பாதையும் விற்பனை ஒப்பந்தத்தில் குறிப்பிடப்பட்டிருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.