கதிர்வீச்சு பிளான் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெற்றிலையோடு புகையிலையும் மெல்லும் பழக்கம் குமரி மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. கன்னத்தின் உட்புறம் புற்று வந்து, "கரண்டு வைக்கணும்" (கதிர்வீச்சு சிகிச்சை) என்று நெய்யூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. எங்கிருந்து எவ்வளவு கதிர் விடுவது என்று கணினியில் கணக்கிட்டு அவர்களுக்குப் பிளான் போடும் இளம் மருத்துவ இயற்பியலாளர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கன்னப் புற்று தோலுக்கு மிக அருகில் இருக்கும். பாதுகாப்புக்காகச் சுற்றிலும் சில மில்லிமீட்டர் சேர்த்து வரைந்தால், கதிர் பட வேண்டிய இலக்கு தோலைத் தொடும். சில இடங்களில் வெளிக்காற்றுக்கே போய்விடும். 6 எம்.வி. (மெகாவோல்ட்) கதிர் தன் உச்ச அளவை ஏறக்குறைய 1.5 செ.மீ. ஆழத்தில்தான் எட்டுகிறது. மேலே உள்ள முதல் சில மில்லிமீட்டரில் டோஸ் (திசு ஏற்கும் கதிரின் அளவு) இயல்பாகவே குறைவு. கணினிக்கு அந்த நியாயம் தெரியாது. 'இங்கே குறைகிறது' என்று அந்த ஓரத்தில் மேலும் மேலும் கதிரைக் கொட்டும். திரையில் பிளான் அழகாக இருக்கும். முகம் 3 மி.மீ. நகர்ந்தாலே தோல் வெந்துவிடும். அதனால் கணக்கிடுவதற்கென்று இலக்கைத் தோலிலிருந்து 3 முதல் 5 மி.மீ. உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ஆனால் புற்று தோலையே பிடித்திருந்தால் இழுக்கவே கூடாது. தோலின் மேல் போலஸ் (திசு போன்ற பட்டை) வைத்து, அதோடே சி.டி. எடுக்க வேண்டும். இதை மருத்துவரிடம் கேட்காமல் தனியாக முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது பேராசை. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இன்னும் கொஞ்சம், தண்டுவடத்துக்கு இன்னும் கொஞ்சம் என்று நிபந்தனையை இறுக்கிக்கொண்டே போனால், கதிருக்கு வடிவம் தரும் எம்.எல்.சி. கருவியின் உலோக இலைகள் சின்னச் சின்ன இடுக்குகளாகத் திறக்கத் தொடங்கும். இலைகள் ஓடிக்கொண்டே கதிர் விடும் முறையில் டோஸ் அந்த இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி 1 செ.மீ. இருக்கையில் 1 மி.மீ. பிழை வந்தால் டோஸ் சுமார் 10 சதவீதம் மாறும். மானிட்டர் யூனிட் (கருவி விடும் கதிரின் அளவு) கூடக் கூட, இலைகளின் வழியே கசியும் கதிரும் உடம்பெங்கும் கூடும். சிகிச்சை நேரமும் நீளும். வாய் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாதவர், தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்குக்குள் எவ்வளவு நேரம் அசையாமல் கிடப்பார்? சுரப்பிக்கு மிச்சமாகும் அரை கிரே (டோஸின் அலகு) அளவை விட, எளிதான இலை அசைவுள்ள பிளானையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நுரையீரலிலும் சைனஸ் அருகிலும், கதிரை மெல்லிய கற்றைகளாகப் பிரித்துக் கூட்டும் பென்சில் பீம் கணக்கை நம்பக் கூடாது. அடர்த்தி குறைந்த இடத்தில் எலக்ட்ரான்கள் பக்கவாட்டில் வெகுதூரம் ஓடுவதை அது சரியாகப் பிடிக்காது. கட்டிக்கு உண்மையில் போவதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த ஓட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் கன்வல்யூஷன் சூப்பர்பொசிஷன், அல்லது துகள் துகளாகப் பின்தொடரும் மான்டே கார்லோ வகைக் கணக்கு வேண்டும். மான்டே கார்லோவில் இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு துகள்களை ஓட்ட வேண்டியிருக்கும். அவசரப்பட்டுப் பாதியில் நிறுத்தினால், இரைச்சலையே டோஸ் என்று படித்துவிடுவோம்.

கணக்கிட்ட டோஸையும் அளந்த டோஸையும் ஒப்பிடும் காமா சோதனையில் 95 சதவீதப் புள்ளிகள் தேறியதும் கோப்பை மூடிவிடாதீர்கள். தேறாத புள்ளிகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். தண்டுவடத்தின் மேல் விழுந்திருந்தால் மற்ற எண்களுக்கு அர்த்தமில்லை.

பிளான் முதல் நாள் சி.டி.யின் மேல் போட்டது. ஆறேழு வாரச் சிகிச்சையில் சாப்பிட முடியாமல் ஆள் மெலிவார், மாஸ்க் தொளதொளக்கும். சிகிச்சை மேசையிலேயே எடுக்கும் கோன் பீம் சி.டி.யில் முகத்தின் ஓரம் உள்வாங்கியிருப்பது தெரிந்தால், மறுபடி ஸ்கேன் எடுத்துக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். சிகிச்சை நாள் விட்டுப்போவதும் அதே அளவு முக்கியம். கோட்டாறு திருவிழா, மழை, பஸ் கிடைக்கவில்லை என்று தலை, கழுத்துப் புற்றில் நாள்கள் நீண்டால், நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு கூடுகிறது. விட்ட நாளைக் கடைசியில் சேர்த்துவிடலாம் என்று இருக்காதீர்கள். அதே வாரம் சனிக்கிழமை வரச் சொல்லலாம். இல்லையென்றால் ஒரே நாளில் இருமுறை, நடுவே குறைந்தது 6 மணி நேரம் விட்டுக் கொடுக்கலாம். குளச்சலிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு எது முடியும் என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.