நடாலின் ஆட்டங்களை எந்த வரிசையில் பார்க்கலாம்?

டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் 2024-ல் ஓய்வு பெற்றுவிட்டார். இனிமேல்தான் அவர் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 2005-லிருந்து வரிசையாக ஆரம்பிக்காதீர்கள், சலித்துவிடும். நேராக 2008 விம்பிள்டன் இறுதிக்குப் போங்கள். ஃபெடரருடன் ஐந்து செட், நடுநடுவே மழை, கடைசி செட் 9-7, முடியும்போது கிட்டத்தட்ட இருட்டிவிட்டது. ஸ்கோர் முன்பே தெரிந்தாலும் பரவாயில்லை.

பார்க்கும்போது பந்து எகிறும் உயரத்தைக் கவனியுங்கள். நடால் இடது கை ஆட்டக்காரர் (எழுதுவது வலது கையால்!), அவர் ஃபோர்ஹேண்டில் (மட்டை பிடித்த கைப் பக்கத்து அடி) பந்தைப் பயங்கரமாகச் சுழற்றிக் குறுக்கே அடித்தால் அது வலது கை ஆட்டக்காரரான ஃபெடரரின் பேக்ஹேண்ட் பக்கம் (அதற்கு எதிர்ப்பக்கம்) தோள் உயரத்துக்கு எழும்பும், ஒற்றைக் கையில் பேக்ஹேண்ட் ஆடுகிறவருக்கு அது பெரிய தலைவலி. களிமண் தரையில் இன்னும் மோசம். அந்தத் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓபனை 14 முறை வென்றவர் என்றால் சும்மாவா?

அப்புறம் தோல்விகள். 2009 பிரெஞ்சு ஓபனில் ஸ்வீடன் வீரர் சோடர்லிங் அந்த எகிறும் பந்தையே ஓங்கித் தட்டையாக (அதிகம் சுழற்றாமல்) அடித்து ஜெயித்ததைக் கட்டாயம் பாருங்கள். 2012 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் ஜோகோவிச்சிடம் தோற்றது 5 மணி 53 நிமிடம், அவ்வளவு பொறுமை எனக்கில்லை, ஐந்தாவது செட் போதும்.

கடைசியாக அதே ஆஸ்திரேலிய ஓபனில் 2022 இறுதி. மெத்வதேவிடம் முதல் இரண்டு செட்டை இழந்தபின் 35 வயதில் மீண்டு வந்து வென்றார். மூன்றாவது செட்டிலிருந்து போடுங்கள், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வேண்டாம்.